இரவு மூச்சும் மின்சேமக் கலமும்

2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், நள்ளிரவு கடந்து 1 மணி 18 நிமிடத்திற்குச் சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் மின்சாரம் நின்றது. 38 நிமிடங்களில் அது முற்றிலும் மீண்டது. உறங்கிக்கொண்டிருந்தோரில் பெரும்பாலோர் பொழுது விடிந்து செய்தி கேட்ட பின்னரே இதனை அறிந்திருப்பர். ஆனால் மூக்கின்மேல் கவசம் அணிந்து, குழாய் வழியே இயந்திரம் தரும் காற்றை வாங்கி உறங்குகின்றவர்களின் நிலை வேறு. காற்று நின்ற சிறிது நேரத்தில் அவர்கள் திடுக்கிட்டு விழித்திருப்பர். அல்லது விழிக்காமலே பழைய மூச்சடைப்புக்குத் திரும்பியிருப்பர்.

38 நிமிட இருட்டுக்குச் சிறியதொரு மின்கலம் போதும். ஆனால் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள் மலேசியத் தீபகற்பம் முழுவதும் மாலையில் நின்ற மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானிலும், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் வெள்ளம் புகுந்தபொழுது பல இல்லங்கள் மணிக்கணக்கில் அன்று, நாட்கணக்கில் இருண்டு கிடந்தன. இவ்வாறு காலமும் இடமும் மாறுகின்றமையால், எவ்வளவு பெரிய மின்கலம் வேண்டும் என்ற வினாவிற்கு எல்லார்க்கும் பொருந்தும் ஒரு விடை கூறுதல் இயலாது. கணக்கிடும் முறையைக் கூறுதல் இயலும். அதற்கு ஆறாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் அறிந்திருந்தால் போதும். பிழை நேர்வது பெரும்பாலும் கணக்கில் அன்று; எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்பதிலும், எந்தச் சொல் எதனைக் குறிக்கிறது என்பதிலுமே.

இயந்திரம் செய்யும் வேலை

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலர்க்கு அத்தளர்ச்சியால் மூச்சுப் பாதை ஒட்டிக்கொண்டு அடைபடுகிறது. பத்து நொடியேனும் மூச்சு நிற்குமாயின் மருத்துவர் அதனை ஒரு தடையாக எண்ணுவர். அத்தகைய தடைகளும், மூச்சு மிகக் குறைந்துபோகும் நிகழ்ச்சிகளும் சேர்ந்து மணிக்கு ஐந்துக்கு மேற்படின் நோய் என்றும், முப்பதுக்கு மேற்படின் கடுமையான நோய் என்றும் வகுப்பர். முப்பது என்றால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் குருதியில் உயிர்வளி குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் எழுந்தவர் எட்டு மணி நேரம் உறங்கியதாக எண்ணுவார். ஆனால் பகலில் வகுப்பறையிலோ, வண்டியோட்டும் பொழுதோ கண் சொருகும்.

ஒரு காலத்தில் இதற்குத் திட்டமான மருத்துவம் கழுத்தில் துளையிடுதல் ஒன்றே. சிட்னிப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், தூசி உறிஞ்சும் கருவியின் ஊதுபொறியைக் கொண்டு மூக்கின் வழியே சிறிதளவு அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால் தொண்டை ஒட்டாமல் விரிந்து நிற்கும் என்பதைக் கண்டார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் அவரும் அவர்தம் தோழரும் வெளியிட்டனர். இன்று வழங்கும் சீபாப் இயந்திரம் அதன் வழித்தோன்றலே. சீபாப் என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர்; தொடர்ந்து நிற்கும் மிகைக் காற்றழுத்தம் என்பது அதன் பொருள்.

அவ்வழுத்தம் பெரிதன்று. 4 முதல் 20 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே. நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் 1,033 சென்டிமீட்டர் நீருக்கு ஒப்பாகும் என்பதை நினைத்தால், 10 சென்டிமீட்டர் என்பது அதில் நூற்றில் ஒரு பங்கே. இச்சிறு அழுத்தத்திற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்?

சொல்லால் வரும் பிழை

மின்கலம் வாங்கச் செல்லும் பலரும் 'பவர்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வழங்குகின்றனர். மூக்குக் கண்ணாடிக்கும் பவர், கரண்டுக்கும் பவர், பாட்டரிக்கும் பவர்! தமிழில் இரு தனிச் சொற்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆற்றல் என்றும் திறன் என்றும் பிரிக்கின்றன. இலங்கை நூல்கள் அவற்றையே சக்தி என்றும் வலு என்றும் கூறுகின்றன. எந்த இணையைக் கொண்டாலும் குற்றமில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே குற்றம்.

குழாயில் ஒரு நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் நீர் பாய்கிறது என்பது ஒன்று. ஓர் இரவு முழுதும் பாய்ந்து தொட்டியிற் சேர்ந்த நீர் எத்தனை லிட்டர் என்பது வேறொன்று. முன்னது திறன், அதன் அளவு வாட். பின்னது ஆற்றல், அதன் அளவு வாட்-மணி. 10 வாட் திறனுள்ள கருவி 8 மணி நேரம் ஓடினால் 80 வாட்-மணி ஆற்றலைச் செலவிடும். வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் 'யூனிட்' 1,000 வாட்-மணி. கருவியைப் பற்றிப் பேசும்பொழுது வாட்டும், மின்கலத்தைப் பற்றிப் பேசும்பொழுது வாட்-மணியும் வரவேண்டும். "இந்தப் பாட்டரி எத்தனை வாட்?" என்று கேட்பவர் "இந்தத் தொட்டி நிமிடத்திற்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்கின்றார்.

கடைகளில் மின்கலத்தின் மேல் வாட்-மணி எழுதியிராமல் ஆம்பியர்-மணி மட்டும் எழுதியிருத்தல் உண்டு. அதனை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணிக் கலம் 216 வாட்-மணி கொண்டது. இப்பெருக்கலைச் செய்யாமையால் ஏமாறுவோர் பலர். கைப்பேசிக்கு மின்னூட்டும் சிறு பெட்டியின்மேல் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அஃது 20 ஆம்பியர்-மணி. 18-ஐவிட 20 பெரிதாயிற்றே என்று அதனை வாங்குகின்றனர். ஆனால் அவ்வெண் உள்ளிருக்கும் லித்தியக் கலத்தின் 3.7 வோல்ட்டைக் கொண்டு கூறப்படுவது. பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-மணியே. 216 எங்கே, 74 எங்கே!

காற்றுக்கு ஒரு வாட், நீருக்கு இருபத்தைந்து

இனி இயந்திரத்தின் உள்ளே நோக்குவது நலம்; இங்கேதான் பொருள் சுவையானது.

10 சென்டிமீட்டர் நீரழுத்தம் என்பது ஏறத்தாழ 980 பாஸ்கல். உள்ளிழுக்கும் மூச்சும், கவசத்தின் சிறு துளைகள் வழியே வெளியேறும் காற்றும் சேர்ந்து நிமிடத்திற்கு 40 லிட்டர் செல்வதாகக் கொள்க. நொடிக்கு ஒரு லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அழுத்தத்தைப் பாயும் அளவால் பெருக்கினால் அதற்கு வேண்டிய திறன் கிடைக்கும் என்பது பௌதிக விதி. பெருக்கினால் வருவது 0.65 வாட். ஒரு வாட் கூட இல்லை! மின்பொறியின் இழப்பு, அழுத்தத்தை நொடிதோறும் உணரும் உறுப்புகள், திரை ஆகிய அனைத்தும் சேர்ந்தே இன்றைய இயந்திரம் பலவற்றில் ஏறத்தாழ 6 முதல் 15 வாட் வரை செலவாகிறது.

அவ்வாறாயின் அடாப்டர் பெட்டியின்மேல் 65 வாட் என்றும் 90 வாட் என்றும் எழுதியிருப்பது ஏன்? விடை ஈரமூட்டியில் இருக்கிறது. மூக்கும் தொண்டையும் உலர்ந்து போகாமல் இருக்க, இயந்திரத்தோடு ஒரு நீர்த்தொட்டி இணைக்கப்பட்டு அதன் அடித்தட்டு சூடாக்கப்படுகிறது. சிலவற்றில் குழாயும் சூடேறும். ஓர் இரவில் 300 கிராம் நீர் ஆவியாவதாகக் கொள்க. ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 300 கிராமுக்கு 7,20,000 ஜூல். 3,600 ஜூல் ஒரு வாட்-மணியாதலின் இது 200 வாட்-மணி. எட்டு மணி நேரத்திற்குப் பங்கிட்டால் 25 வாட். காற்றைத் தள்ளும் வேலைக்கு ஒரு வாட்டும் வேண்டாதிருக்க, நீரை ஆவியாக்கும் வேலைக்கு 25 வாட் வேண்டியிருக்கிறது. குழாய்ச் சூடும் வெளியே சிதறும் வெப்பமும் சேர்ந்தால் 40, 50 என்று ஏறும். உயிர்காக்கும் வேலை மலிவானது. அதற்கு வசதி சேர்க்கும் வேலையே விலையுயர்ந்தது.

ஆகவே மின்சாரம் இல்லாத இரவில் முதலில் நிறுத்த வேண்டுவது ஈரமூட்டியின் சூடும் குழாய்ச் சூடும். இந்நாட்டுத் தட்பவெப்பம் இதற்குத் துணை செய்கிறது. மின்சாரம் நின்றால் குளிரூட்டியும் நின்றுவிடும். சன்னலைத் திறந்தவுடன் அறைக்குள் வருவது நம் ஊரின் ஈரம் மிகுந்த வெப்பக் காற்று. குளிர்நாடுகளில் வாழ்வோர்க்கு இந்நலம் இல்லை. கேமரன் மலையில் இரவு தங்குவோர்க்கும் சற்றுக் குறைவே. தொட்டியில் நீரை விட்டுவைத்துச் சூட்டை மட்டும் நிறுத்தினாலும், நீரின்மேல் தவழ்ந்து செல்லும் காற்று சிறிது ஈரத்தைக் கொண்டுபோகும். ஆனால் மூக்கில் அறுவை செய்துகொண்டவர்களும், வறட்சியால் குருதி கசிபவர்களும் தம் மருத்துவரைக் கேட்டே இதனைச் செய்தல் வேண்டும்.

மின்கலத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் சிலர் காற்றழுத்தத்தையே குறைத்துவிடுவதுண்டு. அது தவறு. அழுத்தம் மருத்துவர் வகுத்த மருந்தளவு. அதனைக் குறைத்தால் மிஞ்சுவது ஓரிரு வாட், இழப்பது மருத்துவம் முழுதும்.

எடைபோடாமல் விலை கூறலாகாது

அடாப்டரின்மேல் எழுதியுள்ள 90 வாட் என்பது அப்பெட்டி தரவல்ல உச்ச அளவு. ஐந்து டன் ஏற்றக்கூடிய லாரி ஒவ்வொரு நாளும் ஐந்து டன் ஏற்றிச் செல்வதில்லை. அவ்வெண்ணை எட்டால் பெருக்கி 720 வாட்-மணி என்று கணக்கிடுவோர் தேவையைவிடப் பன்மடங்கு பெரிய கலத்தை வாங்கிப் பணத்தை இழப்பர். மறுபுறம், "என் இயந்திரம் பத்து வாட்டுதான்" என்று யாரோ கூறியதைக் கேட்டு, ஈரமூட்டியை நிறுத்தாமலே சிறு கலத்தை நம்புவோர் நள்ளிரவில் கைவிடப்படுவர். முன்னது காசுக்கு வந்த கேடு. பின்னது மூச்சுக்கு வந்த கேடு.

செய்யத்தக்கது எளிது. சுவர்ச் செருகியில் பொருத்தும் சிறிய மின்னளவி மின்பொருட் கடைகளில் கிடைக்கிறது. அதன்மேல் இயந்திரத்தைச் செருகி ஓர் இரவு வழக்கம்போல் உறங்குக. மறுநாள் இரவு சூட்டை நிறுத்திவிட்டு உறங்குக. அளவி காட்டும் இரு எண்களையும் குறித்துக்கொள்க. ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தல் போதாது. தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் இயந்திரங்கள் விடியற்காலையில் கூடுதலாக உழைப்பதும் உண்டு. கவசம் சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்தாலும் ஊதுபொறி மிகுதியாகச் சுழலும். முழு இரவின் கூட்டுத்தொகையே நம்பத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டு

ஈப்போவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அழுத்தம் 10 சென்டிமீட்டர், உறக்கம் 8 மணி நேரம் எனக் கொள்க. (பழங்கணக்கில் இருபது நாழிகை.) மின்னளவி முதல் இரவு 360 வாட்-மணியும், சூடு நிறுத்திய இரவு 88 வாட்-மணியும் காட்டுகிறது எனவும் கொள்க. அதாவது சராசரி 45 வாட்டும் 11 வாட்டும்.

கலத்திலிருந்து இயந்திரத்திற்கு மின்சாரம் இரு வழிகளில் செல்லலாம். இன்வெர்ட்டர் என்னும் கருவியால் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, வழக்கமான அடாப்டரைச் செருகுவது ஒன்று. இவ்வழியில் பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. அடாப்டர் அந்த 230 வோல்ட்டை வாங்கி மீண்டும் 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரமாகவே இறக்குகிறது! மலையேறி உடனே இறங்குவது போன்றது. ஏறும்பொழுது நூற்றுக்கு 15 இழப்பு எனக் கொண்டால் 88-ஐ 0.85-ஆல் வகுக்க 104 வரும். அஃதன்றி, இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்கே ஏறத்தாழ 8 வாட் உண்ணும். எட்டு மணி நேரத்திற்கு 64. ஆக மொத்தம் 168 வாட்-மணி. இயந்திரம் உண்பதற்குச் சமமான பங்கை இடைத்தரகரே உண்டுவிடுகின்றார்.

மற்றொரு வழி, இயந்திரத்தை ஆக்கியோரே விற்கும் நேர்மின் கம்பியை வாங்கிக் கலத்தோடு நேரே இணைப்பது. அடாப்டரின் இழப்பு நீங்குதலால் இயந்திரம் பெறுவது 9.5 வாட் எனக் கொள்க. எட்டு மணிக்கு 76 வாட்-மணி. 24 வோல்ட் இயந்திரமாயின் அக்கம்பியிலுள்ள மாற்றுப்பெட்டி நூற்றுக்கு 8 இழந்தாலும் 83 வாட்-மணியில் முடியும். 168 எங்கே, 83 எங்கே! மின்கலத்திற்குப் பணம் செலவிடுமுன் அக்கம்பிக்குச் செலவிடுவது அறிவுடைமை. கையில் கிடைத்த கம்பியை வெட்டி ஒட்டுதல் கூடாது. 12 வோல்ட் இயந்திரத்திற்கு 24 வோல்ட் கொடுத்தாலும், நேர்முனை எதிர்முனை மாறினாலும் இயந்திரம் பாழாகும்.

இப்பொழுது கலத்தைக் கணக்கிடலாம். ஈயமும் அமிலமும் கொண்ட சேமக்கலத்தைக் காஸ்டன் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859-இல் ஆக்கினார். மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அதனை அடிவரை வற்றச் செய்தால் விரைவில் கெடும். பாதிவரை எடுத்துக்கொள்வதே நீண்ட வாழ்நாளுக்கு ஏற்றது. மேலும் புதிதாய் வாங்கிய நாளின் கொள்ளளவு பழகப்பழகக் குறையும். ஐந்தில் நான்கு பங்காகக் குறையும் வரை அதனை வைத்துக்கொள்வதாகக் கருதினால், இரண்டையும் சேர்த்து 0.5 பெருக்கல் 0.8, அதாவது 0.4-ஆல் வகுக்க வேண்டும். 83-ஐ 0.4-ஆல் வகுக்க 207 வாட்-மணி. 12 வோல்ட்டால் வகுக்க 17.3 ஆம்பியர்-மணி. கடையில் கிடைக்கும் 18 ஆம்பியர்-மணிக் கலம் பொருந்தும். எடை ஐந்தாறு கிலோ.

அதே ஆசிரியர் இன்வெர்ட்டர் வழியைக் கொண்டால் 168-ஐ 0.4-ஆல் வகுக்க 420. 35 ஆம்பியர்-மணி வேண்டும். சூட்டையும் நிறுத்தமாட்டேன் என்றால், 360-ஐ 0.85-ஆல் வகுத்து 64-ஐக் கூட்ட 488, 0.4-ஆல் வகுக்க 1,220 வாட்-மணி. நூறு ஆம்பியர்-மணிக்கும் மேற்பட்ட கலம். முப்பது கிலோ அளவில் நிற்கும் அதனை வெள்ளத்தின்பொழுது யார் தூக்கிச் செல்வார்? உறங்குபவர் ஒருவரே, இயந்திரம் ஒன்றே, இரவும் ஒன்றே. பழக்கத்தில் இரண்டு மாறுதல் செய்வதால் கலம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

லித்திய இரும்புப் பாஸ்பேட்டுக் கலம் விலை கூடியது; ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு வரை எடுத்துக்கொள்ள இடம் தருவது, எடையும் குறைந்தது. 83-ஐ 0.9-ஆலும் 0.8-ஆலும் வகுக்க 115 வாட்-மணி, அதன் 12.8 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர்-மணி. ஒரு கையில் தூக்கலாம். வானூர்தியில் செல்வோர் ஒன்றை நினைவிற்கொள்க: லித்தியக் கலங்களைச் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் தனியே வைத்தல் ஆகாது, கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டு 160 வரையுள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். அதற்கும் மேற்பட்டவை பயணிகளுக்கு மறுக்கப்படும்.

வீட்டிலேயே இருக்கும் கலங்கள்

கணினிக்கு வைத்துள்ள யூ.பி.எஸ். பெட்டி போதாதோ என்பது பலரின் எண்ணம். சிறிய பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிக் கலம்; 84 வாட்-மணி. கணினியை ஒழுங்காக நிறுத்த ஐந்து பத்து நிமிடம் கிடைப்பதற்காக அமைத்தது அது. தன் உணவுக்கே பத்துப் பதினைந்து வாட் எடுக்கும். ஈயக் கலத்திலிருந்து விரைந்து எடுத்தால் எழுதியுள்ள அளவும் கிடைப்பதில்லை என்பதைப் பாய்க்கர்ட் என்னும் ஜெர்மானியர் 1897-இலேயே காட்டியுள்ளார். 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவே கலத்தின்மேல் எழுதப்படுவது. எனவே இப்பெட்டி இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கினால் பெரிது. சிங்கப்பூரின் அந்த 38 நிமிடத்திற்கு இது போதுமானதாய் இருந்திருக்கும். ஆனால் மின்சாரம் நின்றதும் இடைவிடாது கூவும் அதன் மணியோசையை நிறுத்தி வைக்காவிடில், உறக்கத்தைக் காக்க வந்த பெட்டியே உறக்கத்தைக் கெடுக்கும்.

காரின் பாட்டரி ஒரு நொடி பேராற்றலைக் கொட்டி எஞ்சினை எழுப்புவதற்கென மெல்லிய தகடுகளால் ஆனது. இரவு முழுதும் சிறிது சிறிதாக வற்றச் செய்தால் தகடுகள் கெடும். விடியலில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் காரும் கிளம்பாது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே மின்சாரம் எடுக்கலாம் என்று மூடிய கார்க் கொட்டகையில் முயல்வது உயிருக்கே கேடு. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ சன்னல் அருகிலோ வைப்பதும் அவ்வாறே.

வெள்ளக் காலத்தில் இரண்டு மூன்று இரவுகள் கடக்க வேண்டியவர், ஓர் இரவுக் கணக்கை இரவுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளலாம். அல்லது பகலில் மீண்டும் நிரப்பும் வழி காணலாம். 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயில் நாளில் நான்கு மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பாக 300 வாட்-மணிக்கு மேல் தரக்கூடும். 83 வாட்-மணித் தேவைக்கு அது மிகுதி. ஆனால் வெள்ளம் வருவது பருவமழைக் காலத்தில். வானம் மூடியிருக்கும் அந்நாட்களில் அதில் ஐந்தில் ஒரு பங்கே கிடைப்பதும் உண்டு. தகட்டை நம்பிக் கலத்தைச் சிறிதாக வாங்குவது கிழக்குக் கரையில் வாழ்வோர்க்கு ஏற்றதன்று.

அச்சமும் அசட்டையும்

மின்சாரம் நின்றால் கவசத்தினுள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடுவோமோ என்று அஞ்சுவோர் உளர். மூக்கை மட்டும் மூடும் கவசமாயின் வாய் திறந்து மூச்சு விடலாம். மூக்கையும் வாயையும் மூடும் கவசத்தில், காற்று நின்றதும் தானே திறந்து வெளிக்காற்றை விடும் சிறு தடுக்கிதழ் இருக்கிறது. அவ்விதழ் அழுக்கேறி ஒட்டாமல் கழுவி வைத்தல் வேண்டும். பெரும்பாலோர்க்கு ஓர் இரவு இயந்திரமின்மை என்பது உயிர்க்கேடு அன்று, கெட்ட உறக்கமே. தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுத்தலும், மது, உறக்க மாத்திரை ஆகியவற்றை அன்று தவிர்த்தலும் சிறிது உதவும். மறுநாள் காலையில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதைத் தள்ளிப்போடுதல் மிகவும் வேண்டற்பாலது. இந்நோயில் மெய்யான ஆபத்து பல சமயம் படுக்கையில் அன்று, ஓட்டுநர் இருக்கையிலே இருக்கிறது.

ஆனால் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர். நுரையீரல் அல்லது தசை நோயால் மூச்சுக்கே இயந்திரத்தைச் சார்ந்திருப்பவர், இயந்திரத்தோடு உயிர்வளிச் செறிவுக் கருவியையும் பயன்படுத்துபவர் ஆகியோர் இங்குக் கூறிய கணக்கைத் தாமே போட்டு நிறைவடைதல் ஆகாது. வீட்டில் வழங்கும் ஐந்து லிட்டர் செறிவுக் கருவி ஒன்றே 300 வாட் அளவில் உண்ணும். அது சீபாப் இயந்திரம் உண்பதைப்போல் முப்பது மடங்கு. மேற்கண்ட 18 ஆம்பியர்-மணிக் கலம் அதற்கு அரைமணி நேரமும் நன்கு தாங்காது. அத்தகையோர்க்கு உயிர்வளி உருளையும், மின்சாரம் உள்ள இடத்திற்குச் செல்லும் ஏற்பாடும் மருத்துவரோடு கலந்து முன்னரே வகுக்கப்படுதல் வேண்டும்.

ஒத்திகை

கணக்கு முடிந்து கலமும் வந்த பின்னர் மின்சாரம் நிற்கும் நாளுக்காகக் காத்திராமல், மறுநாள் ஓய்வாக உள்ள ஓர் இரவில் இயந்திரத்தைக் கலத்தில் இணைத்து உறங்கிப் பார்க்க வேண்டும். காலையில் கலத்தின் வோல்ட்டை அளந்து எழுதுக. சற்று ஓய்ந்த 12 வோல்ட் ஈயக் கலம் 12.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழ பாதி எஞ்சியுள்ளது என்று பொருள். 12-க்குக் கீழ் இறங்கியிருந்தால் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது நிறுத்த மறந்த குழாய்ச் சூடாகவே இருக்கும். இவ்வொத்திகையை ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறையேனும் செய்தல் நன்று. வெப்பம் கலத்திற்குப் பகை. பத்துப் பாகை கூடினால் ஈயக் கலத்தின் வாழ்நாள் பாதியாகும் என்பது தொழிலோர் கணக்கு. ஆதலால் வெயில் படும் சுவரோரத்தையும், கார்ப் பெட்டியையும் தவிர்த்து, படுக்கையறையிலேயே தரையில் வைக்கலாம். ஈயக் கலம் வாளா இருந்தாலும் தானே வற்றும். இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும். வாங்கிய நாளையும், கடைசியாக ஏற்றிய நாளையும், சூட்டை நிறுத்தும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கலத்தின்மேல் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு கைவிளக்கையும் வைத்துவிடுவது நல்லது. இருட்டில் கம்பியைத் தேட வேண்டியவர் அரைத்தூக்கத்தில் இருப்பார், அல்லது வீட்டிலுள்ள மற்றொருவர் அவருக்காகத் தேடிக்கொண்டிருப்பார்.